கொலையுண்டவன் இரத்தமும் கொலைஞன் உயிரும்
மரண தண்டனை, ஆயுள் தண்டனை குறித்து ஓர் இறையியல் நோக்கு

முன்னுரை

ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், கிராமச் சேகரம் ஒன்றில் நான் ஆயராகப் பணியாற்றிய காலத்தில், நிலத்தகராறு காரணமாகச் சபையார் ஒருவர் வெட்டுண்டு இறந்தார். வெட்டியவரும் அதே சபையைச் சேர்ந்தவர்; இருவரும் ஒரே திருவிருந்துப் பந்தியில் முழங்காற்படியிட்டவர்கள். அமர்வு நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சில மாதங்களுக்குப்பின் இறந்தவரின் மனைவியை ஆறுதல்படுத்தச் சென்றிருந்தேன். மன்னிப்பைப் பற்றிய திருமறைப் பகுதியொன்றை வாசித்து ஜெபித்து முடித்ததும் அந்த அம்மையார், “ஐயா, அவன் பிள்ளைகள் மாதம் ஒருமுறை ஜெயிலுக்குப் போய் அப்பன் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். என் பிள்ளைகள் எங்கே போய்ப் பார்ப்பார்கள்?” என்று கேட்டார். எனக்கு மறுமொழி ஒன்றும் தோன்றவில்லை.

கொடிய கொலைச் செய்தி நாளேடுகளில் வரும்பொழுதெல்லாம் நம் வகுப்பறைகளிலும் மரண தண்டனை பற்றிய வாதம் எழுகின்றது. ஒரு சாரார் ஆதியாகமம் 9:6ஐ எடுத்துக்காட்டுவர். மறு சாரார் யோவான் 8ஆம் அதிகாரத்தைக் காட்டுவர். ஒரு வசனத்தின்மேல் மறு வசனத்தை எறிவது இறையியல் ஆகாது. நம் நாட்டுச் சட்டம் உண்மையில் கூறுவது யாது, திருமறையின் முழுச்சாட்சி யாது, திருச்சபை இதுபற்றி எவ்வாறு சிந்தித்து வந்துள்ளது, ஆயரின் கடமை யாது என்பனவற்றை ஒழுங்காக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த அம்மையாரின் கேள்வியை மறந்துவிட்டு இப்பொருளைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை என்பதனால் அதனை முதலிலேயே குறித்தேன்.

1. நம் நாட்டுச் சட்டத்தின் நிலை

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு, கொலைக்கு மரணம் அல்லது ஆயுள் தண்டனை என இரண்டையும் அனுமதித்தது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவும் இவ்விரண்டையுமே வைத்திருக்கின்றது. ஆனால் இவ்விரண்டுள் எது பொதுவிதி, எது விலக்கு என்பதில் பெரும் மாற்றம் நிகழ்ந்துள்ளது.

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, மரண தண்டனைக்குரிய குற்றத்திற்கு நீதிபதி அதனை விதிக்காமல் விட்டால், விட்டதற்குக் காரணம் எழுதவேண்டும். தூக்கே பொதுவிதி என்பது அதன் கருத்து. 1955இல் இவ்விதி நீக்கப்பட்டது. 1973ஆம் ஆண்டின் சட்டம் நிலையைத் தலைகீழாக்கியது. மரண தண்டனை விதித்தால் அதற்குச் சிறப்புக் காரணங்களை எழுதவேண்டும் என்றது. ஆயுள் தண்டனை பொதுவிதியாயிற்று, தூக்கு விலக்காயிற்று.

1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், மரண தண்டனை அரசியல் சட்டத்திற்கு முரணானதன்று எனத் தீர்ப்பளித்தனர். ஆயினும் அரிதினும் அரிதான வழக்குகளில், வேறு எத்தண்டனையும் பொருந்தாது என்று ஐயமறத் தெரிந்தபோது மட்டுமே அதனை விதிக்கலாம் என வரையறுத்தனர். குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவாளியின் வாழ்க்கைச் சூழலையும், அவர் திருந்துவதற்கு வாய்ப்புண்டா என்பதையும் நீதிமன்றம் நோக்கவேண்டும் என்றனர். நீதியரசர் பகவதி மட்டும் மாறுபட்டார். யார் தூக்கிலிடப்படுகிறார், யார் தப்புகிறார் என்பது நீதிபதிகளின் மனப்போக்கைப் பொறுத்தே அமைகின்றது என்பது அவர் கூறிய காரணங்களுள் முக்கியமானது. ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாயமாகத் தூக்கு என்றிருந்த 303ஆம் பிரிவு, 1983இல் மித்து வழக்கில் செல்லாததாக்கப்பட்டது.

ஈண்டு நம் சபை மக்களிடையே பரவலாயுள்ள தவறான எண்ணம் ஒன்றைத் திருத்தவேண்டும். ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டுகள் என்று பலர் நம்புகின்றனர். அது சரியன்று. ஆயுள் தண்டனை என்பது கைதியின் இயற்கையான வாழ்நாள் முழுவதற்கும் உரியது என 1961இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அவ்வழக்கைத் தொடுத்தவர் காந்தியடிகள் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற கோபால் கோட்சே. பதினான்கு ஆண்டுகள் என்பது 1978இல் சேர்க்கப்பட்ட பிரிவொன்றில் வரும் கீழெல்லை. மரணதண்டனைக்குரிய குற்றத்திற்காக ஆயுள் தண்டனை பெற்றவரைப் பதினான்கு ஆண்டுகள் சிறையிலிருக்குமுன் அரசு விடுவிக்கலாகாது என்பதே அதன் பொருள். அக்காலம் முடிந்ததும் விடுதலை பெறுவது கைதியின் உரிமையன்று. மேலும், இருபது, முப்பது ஆண்டுகள் அல்லது வாழ்நாள் முழுவதும் தண்டனைக் குறைப்பின்றிச் சிறைவைக்க நீதிமன்றம் ஆணையிடலாம் என்று 2008இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் கூறப்பட்டது. 2015இல் அரசியல் சட்ட அமர்வு அதனை உறுதிசெய்தது. குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் அரசியல் சட்டத்தின் 72, 161 ஆகிய பிரிவுகள் அளிக்கும் கருணை அதிகாரம் மட்டும் இதனால் பாதிக்கப்படுவதில்லை.

எனவே இன்று நம்முன் உள்ள தெரிவு, தூக்குக்கும் சில ஆண்டுச் சிறைக்கும் இடையிலானது அன்று. உயிரை எடுப்பதற்கும், உயிரை விட்டுவைத்து உரிமையை எடுப்பதற்கும் இடையிலானது.

2. பழைய ஏற்பாட்டின் சாட்சி

திருமறை கூறும் முதற்கொலையிலேயே இரு குரல்களும் கேட்கின்றன. ஆபேலின் இரத்தம் நிலத்திலிருந்து கடவுளை நோக்கிக் கூப்பிடுகின்றது (ஆதி. 4:10). கொலையுண்டவனைப் பற்றி அக்கறை கொண்ட முதல்வர் கடவுளே. ஆயினும் அதே கடவுள், காயீனை எவரும் கொன்றுபோடாதபடி அவன்மேல் ஓர் அடையாளத்தை இடுகிறார் (4:15). காயீன் தண்டனையின்றி விடப்படவில்லை. நிலத்தின் விளைவையும் நிலையான வாழ்வையும் இழக்கின்றான். உயிர் மட்டும் காக்கப்படுகின்றது. அதே அதிகாரத்தின் இறுதியில் லாமேக்கு, தனக்காக எழுபத்தேழு மடங்கு பழி வாங்கப்படும் என்று பெருமை பேசுகின்றான். கட்டுக்கடங்காத பழியுணர்ச்சியின் வரலாறு அங்குத் தொடங்குகின்றது.

வெள்ளத்திற்குப்பின் நோவாவுக்கு உரைக்கப்பட்ட 9:6, மனித இரத்தம் சிந்துவோனின் இரத்தம் மனிதனால் சிந்தப்படும் என்கின்றது. எபிரேய வினைவடிவத்தைக் கட்டளையாகவும் கொள்ளலாம். இவ்வாறு நிகழும் என்னும் கூற்றாகவும் கொள்ளலாம். எதுவாயினும், காட்டப்படும் காரணம் ஆழமானது: மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன். கொலையை அற்பக் குற்றமாக எண்ணுவோர் இவ்வசனத்தின்முன் நிற்கவியலாது. சீனாய் மலைக்கு முந்திய இவ்வுடன்படிக்கை மனுக்குலம் முழுவதற்கும் உரியதாதலால் இன்றும் கட்டுப்படுத்தும் என்று மரண தண்டனையை ஆதரிப்போர் வாதிடுவதும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் அதே உடன்படிக்கையில் இரத்தத்தோடு இறைச்சியை உண்ணலாகாது என்ற கட்டளையும் உள்ளது (9:4). ஆட்டிரத்தத்தைப் பொரித்துண்ணும் சபையார் ஒரு வசனத்தை எழுத்துப்படியும் அதற்கு இரண்டு வசனம் முந்தியதை வேறு வகையிலும் கொள்வதற்குக் காரணம் கூறவேண்டும். மேலும், சாயலைக் காரணமாகக் காட்டும்போது, கொலை செய்தவன் அச்சாயலை முற்றும் இழந்துவிட்டானா என்ற வினாவும் எழுகின்றது. இழந்தான் என்று திருமறை எங்கும் கூறவில்லை.

மோசேயின் சட்டம் கொலைக்கு மரணத்தை விதிக்கின்றது. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அச்சட்டம் எத்தகைய வேலிகளோடு விதிக்கின்றது என்பதையும் காணவேண்டும். வேண்டுமென்று செய்த கொலையும் கைப்பிழையாய் நேர்ந்த சாவும் பிரிக்கப்படுகின்றன (யாத். 21:12-14). ஆறு அடைக்கலப் பட்டணங்கள் குறிக்கப்படுகின்றன (எண். 35). ஒரே சாட்சியின் சொல்லால் எவரும் கொல்லப்படலாகாது (எண். 35:30). சாட்சி கூறியோரின் கையே முதலில் கல்லெறிய வேண்டும் (உபா. 17:7). கொலைபாதகனின் உயிருக்காக மீட்புப்பணம் வாங்கலாகாது (எண். 35:31). இறுதியாகக் கூறிய விதி குறிப்பிடத்தக்கது. செல்வன் பணம் கொடுத்துத் தப்ப, ஏழை மட்டும் சாகும் நிலை இஸ்ரவேலில் இருக்கலாகாது என்பதே அதன் நோக்கம். கண்ணுக்குக் கண் என்ற விதியும் லாமேக்கின் எழுபத்தேழு மடங்கிற்கு இடப்பட்ட எல்லையே. தந்தை தாயைச் சபிப்பவனுக்கும் ஓய்வுநாளை மீறுபவனுக்கும் அதே சட்டம் மரணத்தை விதிக்கின்றது என்பதையும் மறத்தலாகாது (யாத். 21:17, 31:14). அவற்றை இன்று நடைமுறைப்படுத்த எவரும் கேட்பதில்லை.

சட்டம் இவ்வாறிருக்க, வரலாற்றுப் பகுதிகள் வேறொன்றைக் காட்டுகின்றன. எகிப்தியனைக் கொன்று மணலில் புதைத்த மோசே தப்பியோடி வாழ்ந்தார். உரியாவைச் சூழ்ச்சியாற் கொல்வித்த தாவீதிடம், நீ சாகமாட்டாய் என்று நாத்தான் அறிவித்தார் (2 சாமு. 12:13). ஆயினும் பட்டயம் அவர் வீட்டைவிட்டு நீங்கவில்லை. கொல்லாமல் விடுவது தண்டியாமல் விடுவதாகாது என்பதற்கு இதுவே சான்று. துன்மார்க்கனின் மரணத்தை அன்றி, அவன் திரும்பிப் பிழைப்பதையே கடவுள் விரும்புகிறார் என்று எசேக்கியேல் கூறுகின்றார் (33:11).

யூத ரபிமார் இச்சட்டத்தை எவ்வாறு கையாண்டனர் என்பதும் நமக்குப் பாடமாகும். மிஷ்னாவின் மக்கோத் பகுதியில், ஏழாண்டுக்கு ஒருவரைக் கொல்லும் நீதிச்சங்கம் அழிவுச் சங்கம் எனப்படும் என்ற கருத்துக் காணப்படுகின்றது. எழுபது ஆண்டுக்கு ஒருவரைக் கொன்றாலே அப்பெயர் பொருந்தும் என்கிறார் எலெயாசார் பென் அசரியா. தாங்கள் சங்கத்தில் இருந்திருந்தால் எவரும் கொல்லப்பட்டிருக்கமாட்டார் என்கின்றனர் தர்போனும் அக்கிபாவும். அவ்வாறாயின் இஸ்ரவேலில் இரத்தஞ் சிந்துவோரை நீங்கள் பெருகச் செய்திருப்பீர் என்று சீமோன் பென் கமாலியேல் மறுக்கின்றார். நம் வாதம் முழுவதும் இந்நான்கு கூற்றுகளில் அடங்கிவிடுகின்றது.

3. புதிய ஏற்பாட்டின் சாட்சி

யோவான் 8:1-11 பகுதியை மரண தண்டனைக்கு எதிரான சட்டமாகக் கொள்ளவியலாது. மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் அப்பகுதி இல்லை. அங்குப் பேசப்படும் குற்றமும் கொலையன்று. கேள்வி கேட்டவர்களின் நோக்கம் இயேசு பெருமானைச் சிக்கவைப்பதே. ஆயினும் கல்லெறியும் கைக்குத் தகுதி யாது என்ற வினா அங்கு எழுப்பப்பட்டுவிட்டது; அதனை இனி எந்த நீதிமன்றமும் தவிர்க்கவியலாது.

மலைப்பொழிவில் கண்ணுக்குக் கண் என்பதை ஆண்டவர் விலக்குவது தனிமனிதருக்கே, அரசுக்கன்று என்பது லுத்தர் முதலியோரின் விளக்கம். இவ்விளக்கத்திற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது ரோமர் 13:4. அங்கு ஆள்வோன் வீணாகப் பட்டயத்தைத் தரித்திருக்கவில்லை என்கிறார் பவுல். பட்டயம் என்பது காவல் அதிகாரத்தின் சின்னம் மட்டுமே என்று சிலர் கூறுவர். ஆனால் ஏரோது யாக்கோபைக் கொன்றதைக் கூறும் அப்போஸ்தலர் 12:2இலும் இதே கிரேக்கச் சொல் வருகின்றது. எனவே மரண தண்டனை அச்சொல்லில் அடங்காது என்று வாதிடுவது நேர்மையாகாது. அதேவேளையில், பவுல் அங்கு வரிசெலுத்துவதையும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதையும் பற்றிப் பேசுகின்றாரேயன்றித் தண்டனைச் சட்டம் இயற்றவில்லை. அரசுக்கு அதிகாரம் உண்டு என்பது வேறு. அதனை அரசு பயன்படுத்தியே தீரவேண்டும் என்பது வேறு. அதற்கு முந்திய அதிகாரத்தின் இறுதியில், பழிவாங்குதலைக் கடவுளுக்கு விட்டுவிடும்படி பவுல் கூறியிருப்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, நம் ஆண்டவர் தாமே நீதிமன்றத் தீர்ப்பினால் மரண தண்டனை அடைந்தவர். பிலாத்துவின் அதிகாரம் மேலிருந்து வந்தது என்பதை அவர் மறுக்கவில்லை (யோவா. 19:11), ஆனால் அவ்வதிகாரம் தவறிய இடமும் அதுவே. கலகத்தில் கொலை செய்தோருடன் கட்டுண்டிருந்த பரபாஸ் விடுவிக்கப்பட்டான் (மாற்கு 15:7). குற்றமற்றவர் கொல்லப்பட்டார். உடன் அறையுண்ட கள்வன் ஒருவன் தனக்குக் கிடைத்த தண்டனை நியாயமானது என்று ஒப்புக்கொண்டான்; அவனுக்கே பரதீசு வாக்களிக்கப்பட்டது. தண்டனையின் நியாயமும் அருளின் நிறைவும் ஒரே சிலுவையடியில் கூறப்பட்டுள்ளன. ஒன்றைக் கூறி மற்றொன்றை விடுவோர் பாதி நற்செய்தியையே கூறுகின்றனர்.

4. திருச்சபையின் சிந்தனை

412ஆம் ஆண்டளவில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்திய வன்முறையாளர் ஒரு குருவைக் கொன்று மற்றொருவரின் உறுப்புகளைச் சிதைத்தனர். குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அகுஸ்தீன் நீதி நடத்திய மார்செல்லினுக்குக் கடிதம் எழுதி, அவர்களைக் கொல்லவோ உறுப்பிழக்கச் செய்யவோ வேண்டாம் என்றும், உழைப்பில் ஈடுபடுத்தித் திருத்தும்படியும் மன்றாடினார். அரசுக்குக் கொல்லும் உரிமை இல்லை என்று அவர் கூறவில்லை. உரிமையிருந்தும் அதனைப் பயன்படுத்தாமல் விடும்படி திருச்சபையின் சார்பில் வேண்டினார்.

நோயுற்ற உறுப்பை வெட்டியெறிவதுபோல் சமுதாயத்துக்குக் கேடானவனை நீக்கலாம் என்றார் தாமஸ் அக்குவினா. அவுக்ஸ்பர்க் அறிக்கையின் 16ஆம் பிரிவு கிறிஸ்தவர் சட்டப்படி தண்டனை வழங்கும் பொறுப்பை ஏற்கலாம் என்கின்றது. நம்மில் பலருடைய மரபில் வந்த முப்பத்தொன்பது நெறிக்கூற்றுகளின் 37ஆவது கூற்று, கொடிய குற்றங்களுக்காகக் கிறிஸ்தவரையும் நாட்டுச் சட்டம் மரணத்தால் தண்டிக்கலாம் என்று வெளிப்படையாகவே கூறுகின்றது. 1527ஆம் ஆண்டின் ஷ்லைத்தைம் அறிக்கை மட்டும், பட்டயம் கிறிஸ்துவின் நிறைவுக்குப் புறம்பானது என்றது.

இருபதாம் நூற்றாண்டில் சிந்தனை திசைமாறியது. கார்ல் பார்த் தம் திருச்சபைக் கோட்பாட்டியலில், மனிதனின் பாவத்திற்குரிய மரணத்தைக் கிறிஸ்து ஏற்றுவிட்டபின், பரிகாரம் என்ற பெயரால் மற்றொரு மரணத்தைக் கேட்பது எவ்வாறு பொருந்தும் என வினவினார். போர்க்காலத் துரோகம் போன்ற மிகக் குறுகிய எல்லையை மட்டுமே அவர் விலக்காக வைத்தார். உரோமைத் திருச்சபை 2018இல் தன் மறைக்கல்வி நூலைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தகாதது என அறிவித்தது. பழைய அறிக்கைகள் ‘தண்டிக்கலாம்’ என்றனவேயன்றித் ‘தண்டித்தே தீரவேண்டும்’ என்னவில்லை. ஆகவே இம்மாற்றத்தை ஏற்பவர் தம் மரபை மறுதலித்தவராகார்.

5. இரு தரப்பு நியாயங்கள்

(அ) தகுந்த தண்டனை. கொலைக்கு ஈடான தண்டனை கொலையே என்பது நம் பண்பாட்டிலும் வேரூன்றிய கருத்து. கொடியோரை வேந்தன் கொலையால் ஒறுத்தலைக் களைபறித்தலுக்கு ஒப்பிடுகின்றார் வள்ளுவர் (குறள் 550); அவரே கொல்லாமைக்கு ஒரு தனி அதிகாரமும் தந்துள்ளார். கொலையுண்டவனின் உயிருக்குச் சமுதாயம் என்ன மதிப்பளிக்கின்றது என்ற கேள்வி இவ்வாதத்தின் உட்பொருள். இதனைப் பழிவெறி என்று ஒதுக்குவது தவறு. ஆனால் அம்மதிப்பைக் காட்ட ஒரே வழி மற்றோர் உயிரை எடுப்பதுதானா என்பதே வினா. வாழ்நாள் முழுவதையும் சிறையில் கழிப்பது இலேசான தண்டனையன்று.

(ஆ) அச்சுறுத்தல். தூக்கு இருந்தால் கொலை குறையும் என்பர். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944இல் மரண தண்டனையை நீக்கியது. இந்தியாவுடன் இணைந்தபின் அது மீண்டும் வந்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அக்காலத்தில் அச்சமஸ்தானத்தின் பகுதியே. தூக்கு இல்லாத 1945-1950 காலத்தில் அங்கு நிகழ்ந்த கொலைகள் 962. மீண்டும் வந்தபின் அதையொத்த காலவளவில் 967. ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு முடிவுகட்ட இயலாது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2012இல் பல்லாண்டு ஆய்வுகளைப் பரிசீலித்து, தூக்கினால் கொலை குறைகிறதா, கூடுகிறதா, மாற்றமில்லையா என்பதை அவ்வாய்வுகளால் அறியவியலாது எனக் கூறியது. ஆகையால் அச்சுறுத்தல் மெய்ப்பிக்கப்பட்டது என்று ஒரு சாராரும், பொய்ப்பிக்கப்பட்டது என்று மறுசாராரும் பிரசங்க பீடத்திலிருந்து கூறலாகாது. மெய்ப்பிக்கப்படாத பயனுக்காக உயிரை எடுக்கலாமா என்று மட்டும் கேட்கலாம்.

(இ) தவறு நேர்தல். இவ்வாதத்தை விளங்கவைக்கத் தமிழருக்கு நெடிய விளக்கம் வேண்டாம். மதுரையில் கோவலன் ஆராயப்படாது கொல்லப்பட்டான். உண்மை தெரிந்தபோது பாண்டியனால் தன் உயிரைக் கொடுக்க முடிந்ததேயன்றிக் கோவலன் உயிரைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அது பழங்கதை என்று எண்ணவேண்டாம். 2003இல் மகாராட்டிரத்தில் நிகழ்ந்த கொலை வழக்கொன்றில் நாடோடிக் குலத்தவர் அறுவருக்கு உச்ச நீதிமன்றமே 2009இல் மரண தண்டனையை உறுதியாக்கியது. அதே நீதிமன்றம் 2019இல் வழக்கை மீண்டும் ஆராய்ந்து அறுவரும் குற்றமற்றவர் என விடுவித்து, ஒவ்வொருவருக்கும் ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இடையில் தூக்கு நிறைவேறியிருந்தால் இழப்பீட்டை எவரிடம் கொடுப்பது? சிறையிலிருந்த பதினாறு ஆண்டுகளைத் திருப்பித்தர இயலாதுதான். ஆயினும் சிறைக்கதவைத் திறக்க இயலும்.

(ஈ) சமனின்மை. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வரைக் கொன்றதாக மூவருக்கு ஒரே தண்டனை, தூக்கு, விதிக்கப்பட்டது. மூவரும் தனித்தனியே உச்ச நீதிமன்றத்தை அணுகினர். ஒருவரின் மனு தள்ளப்பட்டு அவர் 1981இல் தூக்கிலிடப்பட்டார். மற்றொருவரின் தண்டனை 1977இலேயே ஆயுளாகக் குறைக்கப்பட்டிருந்தது. மூன்றாமவரான ஹர்பன்ஸ் சிங்கின் வழக்கில் 1982இல் இவ்வேறுபாடு வெளிப்பட்டு, அவருக்காக நீதிமன்றம் குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. குற்றம் ஒன்று, பங்கு ஒன்று, முடிவு மூன்று. மீட்புப்பணம் வாங்கலாகாது என்ற எண்ணாகம விதியை இங்கு நினைவுகூர்க. சிறந்த வழக்கறிஞரை அமர்த்த வசதியுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே நம் நாட்டில் உள்ள தூரம், மீட்புப்பணத்தின் மறுவடிவமன்றி வேறென்ன?

(உ) அரசின் ஆலோசகர் கருத்து. 1949இல் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், மரண தண்டனையையே ஒழித்துவிடுவது மேலானது என்ற கருத்தை வெளியிட்டார். சட்ட ஆணையம் 1967ஆம் ஆண்டின் 35ஆம் அறிக்கையில், நாட்டின் நிலையை நோக்கி, அதனை நீக்கித் துணிந்து பரிசோதிக்க இயலாது என்றது. 2015ஆம் ஆண்டின் 262ஆம் அறிக்கையிலோ, பயங்கரவாதக் குற்றங்களும் நாட்டிற்கு எதிரான போரும் தவிர மற்றவற்றிற்கு அதனை நீக்கப் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை சட்டமாகவில்லை. 2020 மார்ச்சில் தில்லித் திகார் சிறையில் நால்வர் தூக்கிலிடப்பட்டனர்.

6. ஆயுள் தண்டனையைப் பற்றியும் ஒரு சொல்

தூக்கை எதிர்ப்போர் ஆயுள் தண்டனையைப் பற்றி இனிமையாகப் பேசிவிட்டு அகன்றுவிடுதல் தகாது. காந்தியடிகள் வழக்கில் நாதுராம் கோட்சே 1949இல் தூக்கிலிடப்பட்டார். காந்தியடிகளின் புதல்வர்களான மணிலாலும் ராம்தாசும் அவர் உயிருக்காக மன்றாடியும் அது நிறைவேற்றப்பட்டது. அவர் தம்பி கோபால் 1964இல் விடுதலைபெற்று 2005வரை வாழ்ந்தார். தம் செயலுக்காக அவர் வருந்தவில்லை. சிறை மனந்திரும்புதலை உண்டாக்கும் என்ற உறுதி எவருக்கும் இல்லை. உயிரை விட்டுவைப்பது மனந்திரும்புதலுக்குக் காலம் தருகின்றது. அக்காலத்தை மனிதன் எவ்வாறு பயன்படுத்துவான் என்பது நம் கையில் இல்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. விடுதலையைப் பற்றிய எந்த நம்பிக்கையும் இன்றி ஒருவனைச் சாகும்வரை அடைத்துவைப்பது மறைவான மரண தண்டனை என்றார் போப் பிரான்சிஸ். திருந்தியவனை அடையாளங்கண்டு மறுபரிசீலனை செய்யும் வாய்ப்பு இல்லாத சிறையை எசேக்கியேல் கூறும் கடவுளின் விருப்பத்தோடு எவ்வாறு பொருத்துவது? எனவே குறிப்பிட்ட நீண்ட காலத்திற்குப்பின் ஒவ்வொரு கைதியின் நிலையும் நேர்மையாக ஆராயப்படவேண்டும் என்பதும் நம் கோரிக்கையாய் இருத்தல் வேண்டும்.

7. ஆயரின் கடமை

1999 ஜனவரியில் ஒரிசா மாநிலம் மனோகர்பூரில், தொழுநோயாளரிடையே பணியாற்றிய கிரகாம் ஸ்டெயின்சும் அவர்தம் பிள்ளைகள் பிலிப், தீமோத்தேயு இருவரும் வண்டிக்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டனர். அவர் மனைவி கிளாடிஸ் அம்மையார் கொலைஞரை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். அதேவேளையில், தாம் மன்னிப்பது வேறு, சட்டம் தன் கடமையைச் செய்வது வேறு என்பதையும் தெளிவாக்கினார். முதன்மைக் குற்றவாளிக்கு 2003இல் விதிக்கப்பட்ட மரண தண்டனையை உயர்நீதிமன்றம் 2005இல் ஆயுளாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. இவ்வம்மையாரின் சான்று உயர்ந்தது. ஆனால் அதனைக் காட்டி மற்றொரு கைம்பெண்ணை நோக்கி, நீயும் இவ்வாறு மன்னி என்று ஆயர் கட்டளையிடலாகாது. மன்னிப்பு வற்புறுத்தி வாங்கும் பொருளன்று. அதற்கு நாள் குறிக்கும் உரிமையும் நமக்கில்லை.

நடைமுறையில் ஆயர் செய்யத்தக்கவை சில உள. கொலையுண்டவரின் குடும்பத்திற்கு இழப்பீடு வழங்க 2009 முதல் சட்டத்தில் இடமுண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கவேண்டும். கிராமத்து மக்கள் பலர் இதனை அறியார். விண்ணப்பம் எழுதி உடன்சென்று உதவுவது ஆயர் பணியே. பிள்ளைகளின் கல்விக்குச் சேகரக்குழு பொறுப்பேற்கலாம். கொலை செய்தவரின் மனைவி மக்கள் குற்றம் செய்தவரல்லர். அவர்களை ஆலயத்தின் கடைசி வரிசைக்குத் தள்ளும் சபை காயீனுக்கு இடப்பட்ட அடையாளத்தைப் புரிந்துகொள்ளாத சபை. சிறையிலிருப்பவரைச் சந்திப்பது மத்தேயு 25ஆம் அதிகாரத்தின்படி ஆண்டவரையே சந்திப்பது. கொடிய கொலைச் செய்தியால் ஊர் கொதிக்கும் ஞாயிற்றுக்கிழமையில், கூட்டத்தின் கோபத்தோடு நம் குரலையும் சேர்ப்பது எளிது. அவ்வேளையில் பொறுமையாகப் போதிப்பதே நம் அழைப்பு.

முடிவுரை

திருமறை அரசுக்குப் பட்டயத்தின் அதிகாரத்தை மறுக்கவில்லை. அதனைப் பயன்படுத்தும்படி கட்டளையிடவும் இல்லை. தவறக்கூடிய சாட்சிகளும் தவறக்கூடிய நீதிபதிகளும், ஏழைக்கும் செல்வனுக்கும் ஒவ்வாத நடைமுறையும் உள்ள நம் நாட்டில், நேர்மையான மறுபரிசீலனையோடு கூடிய ஆயுள் தண்டனையே கொலையின் கொடுமைக்கும் மனிதன் தாங்கிய சாயலுக்கும் ஒருங்கே மதிப்பளிப்பது என்பது என் துணிபு. மாறுபடும் உடன்பணியாளர் உளர். அவர்களை அருளற்றவர் என நான் எண்ணேன்.

தொடக்கத்தில் கூறிய அம்மையாரின் கேள்விக்கு இன்றும் என்னிடம் மறுமொழி இல்லை. தூக்கு நிறைவேறியிருந்தால், பார்ப்பதற்கு அப்பன் முகம் இல்லாத பிள்ளைகள் அச்சபையில் இரு வீடுகளில் இருந்திருப்பர் என்பது உண்மையே. ஆனால் அதனை அவரிடம் சொல்ல நான் துணியவில்லை. துணியாமையே நன்று என இப்பொழுது எண்ணுகின்றேன். பின்னாளில் வேறொன்றை உணர்ந்தேன். அவ்வாண்டில் சிறைக்குச் சென்று குற்றவாளியைச் சந்தித்ததை நான் ஊழியமாக எண்ணி மகிழ்ந்தேன், சபையாரும் பாராட்டினர். அவ்வம்மையாரின் வீடு ஆலயத்திலிருந்து மூன்று தெருக்கள் தள்ளியே இருந்தது. அங்கு நான் சென்றது மிகச் சில முறையே. ஆபேலின் இரத்தம் கூப்பிட்டபோது முதலில் செவிகொடுத்தவர் கடவுள். காயீனுக்காகப் பரிந்துபேசும் திருச்சபை, முதலில் ஆபேலின் வீட்டுக்குச் சென்று அமர்ந்திருக்கவேண்டும்.